சிக்கனச் செம்மலுக்கு ஒரு வாழ்த்து மடல்

பெருமதிப்பிற்குரிய குடும்பத் தலைவர் அவர்களுக்கு,

இந்த விலைவாசியிலும் கடன் வாங்காமல் குடும்பம் நடத்தி, மாதக் கடைசியிலும் கையில் நாலு காசு வைத்திருக்கிறீர்கள். தெருவில் எல்லோரும் உங்களைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். அப்படிப்பட்டவரை வாழ்த்தாமல் இருப்பது நன்றி கெட்டதனம். ஆகவே இந்த மடல். இதில் சொல்லியிருக்கும் பெருமை ஒவ்வொன்றும் உண்மை. உங்கள் வீட்டுக் கணக்கு நோட்டே அதற்குச் சாட்சி.

முதலில் அந்த நோட்டையே வாழ்த்துகிறேன். கொத்தமல்லிக் கட்டு வரைக்கும் எழுதி வைக்கிறீர்கள். சென்ற மாதம் மூன்று தேங்காய், இந்த மாதம் நான்கு. அந்த ஒரு தேங்காய் ஏன் கூடியது என்று கேட்டு, பதில் வாங்கிய பிறகுதான் பக்கத்தைத் திருப்புகிறீர்கள். இத்தனை நுட்பமாகத் தணிக்கை செய்பவர் அரசாங்கத்தில்கூடக் குறைவு. ஆவின் நீலப் பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய். அதில் ஒன்றை நிறுத்தினால் மாதம் 600 ரூபாய் மிச்சம் என்று கண்டுபிடித்தவர் நீங்கள். நிறுத்தியும் விட்டீர்கள். உங்கள் காப்பி குறையவில்லை, பிள்ளைகளின் பாலும் குறையவில்லை. சாயங்காலக் காப்பியை விட்டவர் உங்கள் மனைவி ஒருவர்தான். ஒருவர் மட்டும் விட்டதில் வீடு முழுவதற்கும் மிச்சம் பிடித்துக் காட்டினீர்கள்.

கணக்கில் எழுதத் தேவையில்லாதவை எவை என்ற தெளிவும் உங்களுக்கு உண்டு. கடைத் தெருவில் டீ 15 ரூபாய், வடை 10 ரூபாய். காலையும் மாலையும் சேர்த்தால் நாளைக்கு 50, மாதத்துக்கு 1,500. இது நோட்டில் ஏறியதில்லை. சனிக்கிழமை இரவு டாஸ்மாக்கில் கொடுக்கும் பணமும் ஏறியதில்லை. 2003 முதல் தமிழ்நாட்டில் மதுவைச் சில்லறையாக விற்பது அந்த அரசு நிறுவனம் ஒன்றுதான். அதனால் மாநிலத்துக்கு ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் கிடைக்கிறது. இத்தனை கோடியும் எத்தனையோ வீடுகளின் நோட்டில் ஏறாத பணம். வீட்டுக் கணக்கைச் சுத்தமாக வைத்துக்கொண்டே அரசு கஜானாவையும் நிரப்புகிறீர்கள். நாடு உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது.

அடுத்தது சமையலறை. 14.2 கிலோ சிலிண்டர் உங்கள் வீட்டில் 45 நாள் வருகிறது என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்வீர்கள். சொல்ல வேண்டியதுதான். அரிசியையும் பருப்பையும் முன்கூட்டியே ஊற வைப்பது, ஒரே குக்கரில் அடுக்குப் பாத்திரம் வைத்து சாதம், பருப்பு, காய் மூன்றையும் இறக்குவது, விசில் வரும் நேரத்தில் தீயைத் தணிப்பது, எல்லாம் சமைத்து முடிக்கும்வரை அடுப்பை வீணாக எரிய விடாமல் அடுத்த பாத்திரத்தைக் கையில் தயாராக வைத்திருப்பது. அந்த 45 நாளும் இப்படி வந்தவை. இதில் ஒன்றைக்கூட நீங்கள் செய்ததில்லை. செய்யாமலே அந்தப் பேரை வாங்கியிருக்கிறீர்கள். உழைக்காமல் புகழ் சம்பாதிப்பது எல்லோருக்கும் வாய்க்காது.

ரேஷன் கடை விஷயத்திலும் அப்படித்தான். அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிக்கடை விலையோடு பார்த்தால் பெரிய மிச்சம். ‘இன்னைக்குப் பருப்பு வரலைம்மா, நாளைக்கு வாங்க’ என்று திருப்பி அனுப்பினால் மறுநாளும் போய் வரிசையில் நிற்பவர் உங்கள் மனைவி. அவர் நேரத்துக்கு விலை கிடையாது என்று முடிவு செய்துவிட்டீர்கள். அதனால் எத்தனை நாள் நின்றாலும் செலவு பூஜ்யம்தான்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தத் திட்டத்தை உங்களைப்போல் முழுமையாகப் பயன்படுத்தியவர் யாருமில்லை. பக்கத்துக் கடையில் தக்காளி ஐந்து ரூபாய் கூடுதல் என்பதால் மனைவியைப் பெரிய மார்க்கெட்டுக்கு அனுப்புகிறீர்கள். இலவசப் பேருந்துக்குக் காத்திருந்து, இரண்டு கட்டைப் பைகளோடு நின்றபடியே அவர் திரும்பி வருகிறார். தெருமுனை டீக்கடைக்கு நீங்கள் பைக்கில் போய்வருகிறீர்கள். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியிருக்கிறதே என்று யாரும் உங்களைக் கேட்டுவிட முடியாது. கேட்கும் அதிகாரம் உள்ள நோட்டு உங்கள் கையில் அல்லவா இருக்கிறது!

மின்சாரச் சிக்கனத்தில் உங்கள் கண்டிப்பு ஊரறிந்தது. கூடத்தில் விசிறி, படுக்கையறையில் விசிறி, சமையலறையில் மட்டும் இல்லை. சித்திரை மாதத்திலும் இரண்டு அடுப்புக்கு நடுவில் நின்று சமைப்பவருக்கு விசிறி தேவையில்லை என்று எப்படியோ தெரிந்து வைத்திருக்கிறீர்கள். துணி துவைக்கும் மிஷின் வாங்கினால் கரண்ட் பில் எகிறும் என்று பத்து வருடமாகச் சொல்லிவருகிறீர்கள். அந்த உறுதிக்குத் தலைவணங்குகிறேன். ஏனென்றால் ஒரு சின்னக் கணக்குப் போட்டிருந்தாலே அது குலைந்திருக்கும். பழைய விசிறி ஒன்று ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். மின்சாரம் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி விசிறிக்கு 30 வாட் போதும். நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு விசிறிக்கே 32 யூனிட் மிச்சம். குளிர்ந்த நீரில் மிஷினில் ஒருமுறை துவைக்க அரை யூனிட்கூட ஆகாது. தினமும் துவைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 30 யூனிட்டுக்குள்தான். உங்கள் தலைக்கு மேல் சுற்றும் ஒரு விசிறியை மாற்றியிருந்தால் போதும், மிஷினும் ஓடியிருக்கும், உங்கள் மனைவியின் முதுகு வலிக்கு மருந்து கிடைத்திருக்கும், பில்லும் ஏறியிருக்காது. இரண்டு விசிறியையும் மாற்றியிருந்தால் சுமார் 65 யூனிட் குறைந்திருக்கும். 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கான சலுகைக் கட்டணம் போய்விடும் என்பதால், விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு அது பெரிய தொகை. ஆனால் அதற்கு உங்கள் கையிலிருந்து முதலில் பணம் போட வேண்டும். மனைவியின் கைகளோ ஏற்கெனவே வீட்டில் இருக்கின்றன.

வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அம்மாவை நிறுத்தியதும் உங்கள் சாதனைதான். பாத்திரம் தேய்க்கவும் வீடு துடைக்கவும் ஆள் எதற்கு என்றீர்கள். அந்த மாதமே சம்பளம் மிச்சமானது. வேலை மட்டும் மிச்சமாகவில்லை, இன்னொருவர் தலையில் ஏறியது. 2024-ஆம் ஆண்டு மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு சொல்கிறது: சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள்; ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். இந்தக் கணக்கில் உங்களைச் சேர்க்க வழியில்லை. ஈடுபடாதவர்கள் அந்தச் சராசரியில் வரமாட்டார்கள். புள்ளிவிவரத்துக்கே பிடிபடாத இடத்தில் இருக்கிறீர்கள்.

உணவு வீணாவதை நீங்கள் பொறுப்பதில்லை. சோறு மிஞ்சினால் கோபம் வரும். ஆகையால் உங்கள் வீட்டில் எதுவும் வீணாவதில்லை. நீங்கள் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, கடைசியில் அடி பிடித்த குழம்பையும் நேற்றைய சோற்றையும் ஒருவர் தீர்த்துவிடுகிறார். முட்டை எண்ணி வாங்கப்படுகிறது. அந்த எண்ணிக்கையில் அவர் இல்லை. அவருக்கு வரும் தலைவலி, மூச்சிரைப்பு, தலைசுற்றல் எல்லாவற்றுக்கும் சுக்குக் கஷாயம் இருக்கிறது. டாக்டர் பீஸ் மிச்சம். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நாடு முழுவதும் அதே வயதுப் பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 25 சதவீதம். ஒரே அடுப்பில் சமைத்த சோறு ஒரே வீட்டில் ஆணின் உடம்பில் ஒரு மாதிரியும் பெண்ணின் உடம்பில் வேறு மாதிரியும் கணக்கெழுதுகிறது. மாதவிடாயும் பேறுகாலமும் அதற்கு ஒரு காரணம். யார் கடைசியில் சாப்பிடுகிறார் என்பது இன்னொரு காரணம். முதலாவதை உங்களால் மாற்ற முடியாது. இரண்டாவதை மாற்றாமல் காத்துவரும் உங்கள் கட்டுப்பாடு அசைக்க முடியாதது.

சேமிப்பைப் பாதுகாப்பதில் உங்களுக்கு நிகர் நீங்களே. 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, அஞ்சறைப் பெட்டியிலும் புடவை மடிப்பிலும் உங்கள் மனைவி வைத்திருந்த பணம் வெளியே வந்தது. ‘வீட்டுக்குள்ளேயே கறுப்புப் பணமா?’ என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போய் உங்கள் கணக்கில் போட்டீர்கள். அன்றிலிருந்து அவரிடம் ஒளித்துவைக்க ஒன்றுமில்லை. திருடு போகும் பயமும் இல்லை. 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் அவர் பெயரில் வருகிறது. ஏடிஎம் கார்டு பத்திரமாக உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. மனை வாங்க முன்பணம் குறைந்தபோது வங்கியில் தனிநபர் கடனுக்கு அலையாமல், பீரோவில் சும்மா கிடந்த அவருடைய சங்கிலியையும் வளையலையும் அடகு வைத்தீர்கள். வட்டி மட்டும் கட்டி மறு அடகு வைத்து வருகிறீர்கள். நகை அவர் அம்மா வீட்டுச் சீர், மனை உங்கள் பெயரில். கடன் இல்லாத மனிதர் என்று ஊர் சொல்வது சரிதான். கடன்பட்டவர் பட்டியலில் உங்கள் மனைவியிடம் வாங்கியதை யாரும் எழுதுவதில்லை.

நீதிமன்றம்தான் உங்களைப்போல் நினைப்பதில்லை. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு வழக்கில் தீர்ப்பளித்தார். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்ப, மனைவி ஊரில் குடும்பத்தைப் பார்த்துக்கொண்ட வழக்கு அது. வீட்டையும் பிள்ளைகளையும் மனைவி கவனித்ததால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது. எனவே வாங்கிய சொத்தில் அவருக்கும் பங்குண்டு என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. உங்கள் நோட்டு இத்தனை வருடமாக எழுதாமல் விட்ட வரியை ஒரு நீதிபதி எழுதிவிட்டார்.

ஐயா, வாழ்த்து இத்துடன் முடிகிறது. இனிச் சொல்வது வேண்டுகோள்.

சிக்கனம் நல்ல குணம். தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பம் பிள்ளைகளைப் படிக்க வைத்ததும் வீடு கட்டியதும் அந்தக் குணத்தால்தான். அதை யாரும் பழிக்கவில்லை. ஆனால் ஒருவர் உடம்பிலிருந்தும் நேரத்திலிருந்தும் எடுத்து இன்னொருவர் கணக்கில் வரவு வைப்பதற்குச் சிக்கனம் என்று பெயரில்லை. வீட்டில் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, எல்லோருக்கும் பங்கு கிடைத்தால்தான் அது சேமிப்பு.

நாளை நோட்டைத் திறக்கும்போது முதல் வரியில் உங்கள் டீயையும் வடையையும் எழுதுங்கள். அடுத்த வரியில் சனிக்கிழமைச் செலவை எழுதுங்கள். நிறுத்திய அரை லிட்டர் பாலை அந்தப் பணத்திலிருந்து திரும்ப வாங்குங்கள். விசிறியை மாற்றுங்கள், மிச்சமாகும் மின்சாரத்தில் துவைக்கும் மிஷினும் ஓடும், சமையலறைக்கும் காற்று வரும். இரும்புச்சத்து மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ரத்தப் பரிசோதனைக்கு அவரை நீங்களே அழைத்துப் போங்கள். அவருடைய ஏடிஎம் கார்டை அவர் கையில் கொடுங்கள். அடகு நகையைத் திருப்புங்கள். அடுத்து வாங்கும் மனையை அவர் பெயரில் பதியுங்கள். 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைப்பு என்று 2025 ஏப்ரல் முதல் அரசே சலுகை தருகிறது. மிச்சம் பிடிப்பதில் வல்லவரான நீங்கள் இந்த மிச்சத்தையும் விடக்கூடாது.

இரவில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை.