வேலைக்குக் கட்டணமா?

கேள்வி: வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி வேலையாம். பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கட்டாதீர்கள், சகோதரி! சம்பளம் அவர்கள் உங்களுக்குத் தருவது. திசை மாறினால் அது வேலையே இல்லை. டெலிகிராமில் இன்னொரு மோசடி: வீடியோவுக்கு லைக் போட்டால் முதல் நாள் 150 ரூபாய் நிஜமாகவே வரும். அதுதான் தூண்டில் புழு. அடுத்த 'டாஸ்க்'குக்கு ஐயாயிரம் கட்டச் சொல்வார்கள், பிறகு ஐம்பதாயிரம். திரையில் லாபம் ஏறும், கைக்கு வராது. வேலை தருவதாகச் சொல்லும் கம்பெனியின் பெயரை கார்ப்பரேட் விவகார அமைச்சகத் தளத்தில் தேடிப் பாருங்கள். மத்திய அரசின் நேஷனல் கேரியர் சர்வீஸ் தளத்தில் வேலை தேடப் பதிவு இலவசம். பணம் ஏற்கெனவே போயிருந்தால், வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள்; சீக்கிரம் சொன்னால் வங்கியிலேயே அதை முடக்க வழியுண்டு.