மேஸ்திரியும் மாதிரியும்

நெல்லிக்குப்பத்தில் கரும்பு அரவைக் காலம் தொடங்கிவிட்டால், 1842ஆம் ஆண்டு முதல் இவ்வூரின் பெயரைச் சர்க்கரையோடு சேர்த்தே சொல்லவைத்த ஆலையிலிருந்து புறப்படும் பாகின் மணமானது, கடலூர்ச் சாலையில் வரிசை பிடித்து நிற்கும் கரும்பு வண்டிகளைத் தாண்டித் தெருத்தெருவாய்ப் புகுந்து, வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேதமின்றி எல்லோர் வீட்டுத் திண்ணையிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட ஒரு மாலைப்பொழுதில், நாற்பது ஆண்டுகளாக இவ்வூரில் வீடு கட்டிவரும் மேஸ்திரி ஒருவர் வெற்றிலைப் பெட்டியும் தாமுமாகத் தம் திண்ணையில் வீற்றிருந்தார். அத்திண்ணையின் தரை ஓரிடத்தில் சிவப்பும், ஓரிடத்தில் பச்சையும், மற்றோரிடத்தில் சலவைக்கல்லும், வாசற்படியருகே மட்டும் பூப்போட்ட டைல்ஸுமாக விளங்கிற்று. அது மேஸ்திரியாரின் கலையுணர்ச்சி என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. சென்னையில், கட்டடங்களுக்குக் கணினியில் மாதிரி சமைக்கும் உத்தியோகத்திலிருக்கும் அவருடைய அக்காள் மகன், தன் தாயாருக்காகக் கட்டப்போகும் வீட்டை மடிக்கணினியில் ஏந்திக்கொண்டு அத்திண்ணையில் வந்து அமர்ந்தான்.

மேஸ்திரி: வா, மாப்பிள்ளை. மனையில் பூஜை போட்டு எட்டு நாளாகிறது. கடைக்காலுக்கு இன்னும் ஒரு கூடை மண்கூட எடுத்தபாடில்லை. நீயோ வீட்டை முழுக்கக் கட்டி முடித்துவிட்டதாக உன் தாயார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது எந்தத் தெருவில் இருக்கிறதென்று சொன்னால், நானும் போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வருவேன்.

மருமகன்: இதோ, இந்தப் பெட்டிக்குள்ளேதான் இருக்கிறது, மாமா. இதைப் பிம் என்று சொல்லுவார்கள். இது வரைபடம் அன்று. வரைபடத்தில் இரண்டு கோடு போட்டால், பார்க்கிற மனிதன்தான் அதைச் சுவர் என்று ஊகித்துக்கொள்ள வேண்டும். இதிலோ, சுவருக்கே தான் சுவர் என்று தெரியும். தன் கனம் ஒன்பது அங்குலம் என்றும், தான் செங்கல்லால் ஆனது என்றும், தன்னிடத்தில் ஒரு ஜன்னல் குடியிருக்கிறது என்றும் தெரியும். சுவரை நகர்த்தினால் ஜன்னலும் கூடவே நகரும்.

மேஸ்திரி: சுவருக்குத் தான் யார் என்று தெரிந்துவிட்டதா! மகான்கள் குகையில் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் தேடிய ஞானம் அல்லவா அது! நல்லது, இந்த உபதேசத்தைச் சுவருக்கு முதலில் செய்த குரு யார்?

மருமகன்: அமெரிக்காவில் சார்லஸ் ஈஸ்ட்மன் என்ற பேராசிரியர் 1975ஆம் ஆண்டிலேயே இதற்கு வித்திட்டார். இன்று சிங்கப்பூரில் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்களுக்கு 2015 முதல் இந்த முறையில்தான் விண்ணப்பம் கொடுக்க வேண்டும் என்று விதித்துவிட்டார்கள். 2016 ஏப்ரல் முதல் இங்கிலாந்து அரசாங்கமும் தன்னுடைய கட்டடங்களுக்கு இதைக் கட்டாயமாக்கிற்று. நம் தேசத்தில் நாகபுரி மெட்ரோ ரயிலை ஐந்து பரிமாணங்களில் மாதிரி செய்தே கட்டினார்கள்.

மேஸ்திரி: ஐந்தா? நீளம், அகலம், உயரம் என்று மூன்றைத்தானே என் குருநாதர் சொல்லிக்கொடுத்தார்?

மருமகன்: நான்காவது காலம், எந்தச் சுவர் எந்த வாரத்தில் எழும்பும் என்பதை முன்கூட்டியே திரையில் ஓட்டிப் பார்க்கலாம். ஐந்தாவது பணம், அந்தந்தக் கட்டத்தில் எவ்வளவு செலவாகும் என்பதும் அதோடு பிணைந்தே வரும்.

மேஸ்திரி: எங்கள் சாஸ்திரத்தில் அந்த ஐந்தாவதுதான் முதலாவது, மாப்பிள்ளை. அது வற்றிப்போனால் மற்ற நான்கும் லிண்டல் மட்டத்திலேயே நின்று, மேலே ஆலஞ்செடி முளைத்து, உள்ளே ஆடு கட்டுகிற இடமாகிவிடும். பார்க்க விரும்பினால் பண்ருட்டிப் பக்கம் போகும் வழியிலேயே நாலைந்து காட்டுவேன். அது கிடக்கட்டும், இதனால் எனக்கு விளையும் சௌகரியம் என்ன?

மருமகன்: முதல் சௌகரியம், மோதலைக் கண்டுபிடிப்பது. வளைகுடா நாட்டு மருத்துவமனை ஒன்றிற்குக் கட்டடக்காரர் ஒரு மாதிரி, குளிர்காற்றுக் குழாய்க்காரர் ஒரு மாதிரி, தண்ணீர்க் குழாய்க்காரர் ஒரு மாதிரி என்று தனித்தனியே அனுப்புவார்கள். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால், பீம் போகிற இடத்திலேயே குழாயும் போவது சிவப்பு நிறத்தில் தெரியும். அங்கே ஒரு மூட்டை சிமென்ட் இறங்குமுன்பே அந்த வழக்கைச் சென்னையில் உட்கார்ந்தபடி தீர்த்துவிடுவோம்.

மேஸ்திரி: அந்த மோதலை நாங்களும் கண்டுபிடிக்கத்தானே செய்கிறோம்? பீம் போட்டு, பூச்சு பூசி, வெள்ளையடித்து, கிருகப்பிரவேசப் பத்திரிகையும் அச்சாகிவந்த பிறகு, பிளம்பர் வந்து உளியை எடுக்கிறார் அல்லவா, அந்தக் கணத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அதிலிருக்கும் பிரத்தியட்சம் உன் சிவப்பு நிறத்தில் வருமா?

மருமகன்: வராதுதான். ஆனால் சிவப்பு நிறத்தை அழிக்க ஒரு விரல் போதும். பிளம்பர் வெட்டிய கம்பியை ஒட்ட எந்த விரலும் போதாது. வெளிதேசத்தைச் சொல்வானேன்? நீங்கள் போட்டுக்கொடுத்த மாடிப்படியை அப்படியே இதற்குள் வைத்தேன். ஒன்பதாம் படியில் கால் வைக்கிறவன் தலைக்கு நேரே பீம் வருகிறது. இடைவெளி ஐந்தடி நான்கு அங்குலம்.

மேஸ்திரி: உன் தாயார் உயரம் என்ன?

மருமகன்: ஐந்தடி இரண்டு அங்குலம் இருக்கலாம்.

மேஸ்திரி: பின்னே என்ன ஆட்சேபம்? வீட்டுக்கு உடையவளை அளந்தல்லவா கட்டியிருக்கிறேன்!

மருமகன்: நான் ஐந்தடி ஒன்பது அங்குலம், மாமா.

மேஸ்திரி: பெற்றவள் வீட்டில் பிள்ளை சற்றுத் தலைகுனிந்து நடப்பது அழகுதான். இருந்தாலும், அந்தப் படியின் திருப்பத்தை ஓர் ஒன்றரையடி பின்னுக்குத் தள்ளி வை. யாராவது கேட்டால், நானே யோசித்துச் சொன்னதாக இருக்கட்டும். வேலை நடக்கும்போது யோசிப்பது உலக வழக்கந்தானே?

மருமகன்: அந்த வழக்கத்துக்குப் பெரிய இடத்து உதாரணமே உண்டு. சிட்னி நகரத்து இசைநாடக மாளிகையை, அதன் கூரையை எப்படி நிறுத்துவதென்று தெளியாமலே 1959இல் கட்டத் தொடங்கினார்கள். 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று போட்ட மதிப்பீடு 10 கோடியே 20 லட்சத்தில் போய் நின்றது. திறப்புவிழா 1973இல் நடந்தது.

மேஸ்திரி: பதினான்கு மடங்கு! நான் என் ஆயுளில் ஒன்றரை மடங்கைத் தாண்டியதில்லை. அதற்கே இந்த ஊரார் என்னைப் பார்க்கிற பார்வை வேறாக இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்: உன் கம்ப்யூட்டர் தவறே செய்யாதோ?

மருமகன்: அதை இயக்குகிறவர்கள் செய்வார்கள். ஏர்பஸ் கம்பெனி ஏ380 என்ற பெரிய விமானத்தைச் செய்தபோது, ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தாரும் பிரான்ஸில் துலூஸ் நகரத்தாரும் ஒரே மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளை வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். ஒரு விமானத்துக்குள் ஓடவேண்டிய மின்கம்பி சுமார் 530 கிலோமீட்டர். அதைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து பொருத்தினால், பல இடங்களில் நீளம் எட்டவில்லை. அந்தக் குழப்பம் 2006இல் வெளிப்பட்டு, விமானம் ஏறத்தாழ இரண்டு ஆண்டு தாமதப்பட்டது.

மேஸ்திரி: பார்த்தாயா! எங்கள் ரசமட்டத்துக்கு அந்த வம்பே கிடையாது. நெல்லிக்குப்பத்து ரசமட்டத்தைச் சிதம்பரத்துக்கு எடுத்துக்கொண்டு போனாலும் குமிழி நடுவில்தான் நிற்கும்.

மருமகன்: ஆனால் நாம் ஆலை ஊரார் அல்லவா, மாமா? கரும்பு வண்டி எடைமேடையில் ஏறாமல் ஆலைக்குள் போவதில்லை. எத்தனை டன் கரும்புக்கு எவ்வளவு சர்க்கரை கண்டது என்று நூற்றுக்கணக்குப் போடாமல் ஒரு பருவமும் முடிவதில்லை. ஓராண்டுப் பயிரை இவ்வளவு நுணுக்கமாக அளக்கிற ஊரில், மூன்று தலைமுறைக்கு நிற்கவேண்டிய வீட்டுக்கு மட்டும் கண்ணளவு போதுமா?

மேஸ்திரி: அந்த எடைமேடைக்கு முன்னால் வண்டியோடு இரவு முழுவதும் காத்துக் கிடக்கிற குடியானவனைக் கேட்டுப் பார். மேடையில் பிழை இராது. மேடை ஏறுவதற்குள் கரும்பு காய்ந்து இளைத்துவிடும். உன் மாதிரிக்கும் அந்தக் கதிதான். நீ அளந்து, அனுமதி வாங்கி, பாங்குக்காரர் மனம் இரங்குவதற்குள், கம்பி விலை எங்கோ போய்விடும்.

மருமகன்: விலை ஏறினால் விலையைத் திருத்திக்கொள்ளலாம்; எண்ணிக்கை இளைக்காது.

மேஸ்திரி: எண்ணிக்கையைப் பற்றி எனக்குச் சொல்ல வந்தாயா? சிதம்பரத்தில் பொன்னம்பலத்துக் கூரையில் ஓடுகள் 21,600, ஆணிகள் 72,000. ஒரு நாளைக்கு மனிதன் விடும் மூச்சு அது, உடம்பில் ஓடும் நாடி இது என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். எந்தக் கம்ப்யூட்டர் அதை எண்ணிற்று?

மருமகன்: என் கட்சியை நீங்களே பேசுகிறீர்களே, மாமா! கூரை ஏறுமுன்பே எண்ணிக்கை தீர்மானமாகியிருந்தது என்பதுதானே அதன் தாத்பரியம்? கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையை எழுப்பிய கணபதி ஸ்தபதியாரும், கல்லை அடுக்குமுன் மரத்தில் மாதிரி செய்து பார்த்தவர்தாம். 72,000 ஆணி என்று தெரிந்த பிறகு, 75,000 வாங்கி, மிஞ்சிய மூவாயிரத்தை யாரும் மடியில் கட்டிக்கொண்டு போனதாகத் தலபுராணக்காரர்கள் சொல்லக் கேட்டதில்லை.

மேஸ்திரியார் திடீரென்று வெற்றிலைப் பெட்டியை மூடினார். பேச்சை மாற்ற விரும்புகிறவர்போல மடிக்கணினியைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மேஸ்திரி: புராணம் இருக்கட்டும். இந்த வீட்டுக்குப் பேஸ்மட்டம் எவ்வளவு வைத்திருக்கிறாய்?

மருமகன்: தெருவிலிருந்து இரண்டடி.

மேஸ்திரி: எந்தத் தெருவிலிருந்து? உன் தகப்பனார் மனை வாங்கிய நாளில் இருந்த தெருவிலிருந்தா, இன்றிருக்கும் தெருவிலிருந்தா, இனி வரப்போகும் தெருவிலிருந்தா? பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதுத் தார் போடவேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். அதற்கு முன்னே ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட தார் எல்லாம் எங்கே போயிற்று? அந்தக் காலத்தில் மூன்று படி ஏறிப்போன வீடுகளுக்கு இன்று ஒரு படி இறங்கிப் போகிறோம். 2015ஆம் வருஷத்து மழையில் தண்ணீர் வந்து நின்ற மட்டத்தை உன் மனைக்கு எதிர்வீட்டுத் தூணில் கரியால் கோடு கிழித்து வைத்திருக்கிறேன். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டுத் தென்பெண்ணை பெருகினபோதும் அந்தக் கோட்டைத்தான் போய்ப் பார்த்தேன். தெருவிலிருந்து அது இரண்டரை அடி. உன் வீட்டுச் சுவருக்குத் தான் சுவர் என்று தெரிகிறதே ஒழிய, தான் தண்ணீரில் நிற்கப்போவது தெரியவில்லையே?

மருமகன்: தெரியவில்லைதான், மாமா. தெருவைப் பூஜ்யம் என்று நான் எழுதினேன்; அது நம்பிவிட்டது.

இவ்வாறு கூறி, மருமகன் இரண்டு என்ற இலக்கத்தை அழித்து மூன்றரை என்று எழுதினான். வீடு திரையில் மெல்ல எழும்பிற்று. வாசற்படி நான்காக இருந்தது ஏழாயிற்று. உள்ளே நிரப்பவேண்டிய மண் பதினைந்து யூனிட் கூடிற்று. கழிவுநீர்க் குழாயின் சரிவு மாறிற்று. கதவு, ஜன்னல், பரண் எல்லாம் தத்தம் இடத்தோடு ஒன்றரையடி மேலே ஏறி நின்றன. மேஸ்திரியார் அன்றைக்கு முதல் தடவையாக மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மேஸ்திரி: அடே! இதைச் சிட்டை நோட்டில் நான் திருத்தினால் ஒரு பகல் போய்விடும்; நாலு இடத்தில் திருத்தி, ஐந்தாவது இடத்தில் மறந்தும் போவேன். அந்த ஐந்தாவது இடந்தான் பிற்பாடு வீட்டுக்காரர் வாயில் என் பெயராக வரும்.

மருமகன்: கோடு நீங்கள் கிழித்தது, அதை ஐந்தாவது இடத்துக்கும் தவறாமல் கொண்டு சேர்ப்பதுதான் இதன் வேலை. செங்கல் கணக்கையும் பாருங்கள். பேஸ்மட்டம் உயர்ந்த பிறகு, உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்து, 17,400. சூளைக்கு நீங்கள் எழுதிக்கொடுத்த சீட்டில் மட்டும் 21,000 என்று இருக்கிறது. அதுவும் பேஸ்மட்டம் உயருமுன்பே எழுதியது.

தெருவில் ஒரு கரும்பு டிராக்டர் போய் மறையும்வரை இருவரும் பேசவில்லை.

மேஸ்திரி: மாப்பிள்ளை, நீ எதன்மேல் உட்கார்ந்திருக்கிறாய்?

மருமகன்: திண்ணையின்மேல்.

மேஸ்திரி: அந்தச் சிவப்பு ரயிலடிப் பக்கத்து வீடு; பச்சை ஒரு வாத்தியார் வீடு; சலவைக்கல் மண்டி வைத்திருந்த ஒரு புண்ணியவான் வீடு; பூப்போட்டது போன வருஷத்துத் துபாய்க்காரர் வீடு. உன் மாதிரி நாற்பது ஆண்டுக்கு முன்பே வந்திருந்தால், இன்றைக்கு நாம் இருவரும் தெருவில் நின்றல்லவா பேசிக்கொண்டிருப்போம்? உன் உத்தியோகத்தில் இப்படி ஒரு மீதமும் விழுவதில்லையா? நெஞ்சைத் தொட்டுச் சொல்.

மருமகன்: ஒவ்வொரு திருத்தத்துக்கும் எங்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு, மாமா. ஆகையால், ஒரே திருத்தத்தில் தீரக்கூடிய மோதல் சில சமயங்களில் மூன்று திருத்தங்களில்தான் தீரும்.

மேஸ்திரி: அப்படிச் சொல்! உனக்கும் ஒரு திண்ணை இருக்கிறது. அதில் டைல்ஸ் ஒட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மருமகன்: இந்த வீட்டின் மீதத்தில் எதைக் கட்டுவதாக உத்தேசம்?

மேஸ்திரி: கொல்லையில் மாட்டுக் கொட்டகைக்கு ஒரு சுவர்.

மருமகன்: அதற்கென்ன, கட்டிவிடலாம். இதோ, மாதிரியிலேயே சேர்த்துவிட்டேன்: ‘மாமா வீட்டுக் கொட்டகைச் சுவர், செங்கல் 3,600.’ மொத்தம் இப்போது 21,000. உங்கள் சீட்டும் சரி, என் கணக்கும் சரி.

மேஸ்திரி: ஐயோ, அதை யார் யார் பார்ப்பார்கள்?

மருமகன்: வீட்டில் சம்பந்தப்பட்ட எல்லோரும் பார்க்கலாம், எதை, யார், எந்தத் தேதியில் சேர்த்தார் என்பதும் அதிலேயே பதிவாகும். அம்மாவின் கைப்பேசிக்கும் அனுப்பிவைத்திருக்கிறேன். தினமும் காலையில் காபி குடித்துக்கொண்டே திறந்து பார்க்கிறாள்.

மேஸ்திரியார் நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார். துடைத்த கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை.

மேஸ்திரி: அந்தச் சுவரை அழித்துவிடு, மாப்பிள்ளை, அக்காள் கண் விழிக்குமுன் அழித்துவிடு. சூளைக்கு 17,400 என்றே வேறு சீட்டு எழுதித் தருகிறேன். மாடு என்ன, சுவர் வேண்டுமென்றா கேட்டது? கொட்டகைக்குக் கீற்றே போதும்.