நாற்சக்கரச் சக்கரவர்த்தி மெய்க்கீர்த்தி

சாயல்குடியை அடுத்த மாரியூர்க் கடற்கரையில், பின்னச்சு வரை மணலில் அமிழ்ந்து, இரண்டு சக்கரங்களை மட்டும் சுழலவிட்டு, முன்னிரண்டையும் யோக நித்திரையில் ஆழ்த்தி அருள்பாலித்த எம் ஃபோர் பை ஃபோர் பெருமானின் புகழை நாவால் சொல்லி மாளாது. எழுத்திலாவது கொஞ்சம் முயல்கிறேன்.

அவர் எழுந்தருளிய இடம் சாமானியமானதல்ல. பூவேந்தியநாதர் கோயிலின் சித்திரைத் திருவிழாவில் வலைவீசும் படலம் நடக்கிற கரை அது. சிவபெருமானே செம்படவராக வந்து சுறாவை அடக்கிய கதையை அங்கே நடத்திக் காட்டுவார்கள். கடவுளே இறங்கி வேலை பார்த்த மண்ணில், வேலை பார்ப்பதில்லை என்று வைராக்கியமாக வீற்றிருக்க எத்தனை பெரிய மனம் வேண்டும்!

பெருமானின் திருமுன் டேஷ்போர்டில் ஒரு வட்டக் குமிழ் உண்டு. வெள்ளி விளிம்பு, விரல் பட்டால் வழுக்கும் மெருகு. இரு சக்கர உந்துக்கான டூ ஹெச்சிலிருந்து நான்கு சக்கரத்துக்கான ஃபோர் ஹெச்சுக்குத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு மங்கல ஒலி. உடனே மீட்டருக்குள் மஞ்சள் விளக்கு கண்சிமிட்டத் தொடங்கும். சிமிட்டும், சிமிட்டும், சிமிட்டிக்கொண்டே இருக்கும். கட்டளை வந்து சேர்ந்துவிட்டது, ஆனால் முன்சக்கரங்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்பது அதன் பொருள். தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது என்று தாலுகா ஆபீசில் சொல்வார்களே, அதே கனிவு. மறுப்பதில்லை, செய்வதுமில்லை. வண்டிக்கு உடையவரான என் நண்பர் லட்சக்கணக்கில் கூடுதலாகக் கொடுத்தது இந்தக் கண்சிமிட்டலுக்குத்தான் என்றால், மலிவு என்பேன்.

பழைய காலத்து ஜீப்புகளிடம் இந்த நாசூக்கை எதிர்பார்க்க முடியுமா? தரையிலிருந்து ஓர் இரும்புத் தடி முளைத்திருக்கும். இழுத்தால் பல்லோடு பல் சேர்ந்துவிடும். சேர்ந்தது கையிலேயே தெரியும். முன்சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்பைக் கீழே இறங்கிக் கையால் திருகிப் பூட்ட வேண்டும். ரகசியமே கிடையாது, எத்தனை பாமரத்தனம்! 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்படும் முன்பு, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மணலிலும் கடல்நீரிலும் ஆட்களை அள்ளிக்கொண்டு போன ஜீப்புகளும் வேன்களும் இந்தப் பண்பாடற்ற கூட்டத்தைச் சேர்ந்தவையே. தகரம் துருவேறி, கதவைக் கயிற்றால் கட்டி, சொன்ன வேலையைச் சொன்னபடி செய்துகொண்டு திரிந்தன. டச் ஸ்கிரீன்கூட இல்லை.

எம் பெருமான் அப்படி எளிதில் அகப்படுபவரல்லர். அவர் ஏன் இயங்கவில்லை என்று அறிய விரும்பும் அடியார் முதலில் எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் ஆனில் வைத்து, குமிழைத் திருப்பிவிட்டு, வண்டிக்கடியில் காதை வைக்க வேண்டும். விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கிடும் டிரான்ஸ்பர் கேஸின் மேல் உட்கார்ந்திருக்கும் சின்ன மோட்டார் ‘உர்ர்’ என்றால் மின்சாரம் வருகிறது. உள்ளே பல்லைத் தள்ளிச் சேர்க்கும் ஃபோர்க்கோ, அதற்கப்பால் முன்னச்சோதான் மௌன விரதம். ‘உர்’ கூட இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, கனெக்டர், அல்லது மோட்டாரே சமாதி. நட்டநடு வெயிலில், மணலில் மல்லாந்து படுத்து, சூடான சைலன்ஸர் நெற்றியைத் தொடும் தூரத்தில் இந்தத் தரிசனம் வாய்க்கிறது. ஏசி காருக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்தப் பேறு எங்கே கிடைக்கும்?

சில அவதாரங்களில் ஹப்பைப் பூட்டுவது எஞ்சினின் உறிஞ்சுவிசை. அதைப் பென்சில் கனத்து ரப்பர் பைப் ஒன்று சுமந்து செல்லும். இரண்டு டன் எடையும், டீசல் எஞ்சினின் வலிமையும், பானெட்டில் பொறித்த புலி உறுமலும் இறுதியில் அந்தப் பைப்பின் கருணையில்தான். வெயிலில் அது வெடித்தால் போதும், சாம்ராஜ்யம் முழுவதும் அடங்கிவிடும். ஆணவம் கூடாது என்பதை இதைவிட அழகாக வேறெந்தப் பொறியாளர் உணர்த்தியிருக்கிறார்!

பெருமானின் நித்திரையில் எங்கள் ஊர்க் காற்றுக்கும் பங்குண்டு என்பதில் எனக்குப் பெருமை. மாரியூரும் வாலிநோக்கமும் உப்புக்குப் பேர்போனவை. 1974இல் தொடங்கிய தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளமே அங்குதான். அந்த உப்புக்காற்று கனெக்டரின் செம்புக் கால்களில் மரகதப் பச்சையாகப் படிந்திருந்ததைக் கண்குளிரக் கண்டேன். ஒரு ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் போய்விடும்தான். அந்தத் திருமேனிப் பாசியைச் சுரண்ட யாருக்கு மனம் வரும்?

மாதம் ஒரு முறையாவது மண்சாலையில் சில கிலோமீட்டர் ஃபோர் வீலில் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் உள்ளே எண்ணெய் பரவாமல் இறுகிவிடும் என்று வண்டியோடு வரும் புத்தகங்கள் சொல்கின்றன. நண்பர் அந்தப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பாதுகாத்து வருகிறார். முன்னே புத்தம்புது டயர், பின்னே மழித்த தலைபோல் வழுவழுத்த டயர் என்று போட்டு, இரண்டு அச்சுகளும் ஒன்றின் வேகத்தை மற்றது ஏற்காத சுயமரியாதையையும் வளர்த்திருக்கிறார்.

கடைசியில் படகு இழுக்கும் டிராக்டர் ஒன்று வந்தது. அதற்கும் பின்னிரண்டு சக்கரத்தில்தான் உந்துவிசை. “அண்ணே, இதுக்கு நாலு வீலும் இழுக்குமாம்ல?” என்று அந்தத் தம்பி பயபக்தியோடு கேட்டு, கயிற்றை மாட்டினான். பெருமானுக்குப் பல்லக்கு கிடைத்தது, வேறென்ன சொல்ல?

மறுநாள் சர்வீஸ் சென்டரின் வழவழத் தரையில் குமிழைத் திருப்பியதும் விளக்கு சிமிட்டாமல் நின்று எரிந்தது. எங்கே தேவையில்லையோ அங்கே இம்மியும் பிசகாத கடமையுணர்ச்சி! காய்ந்த தரையில் ஃபோர் வீலில் வளைத்து ஓட்டினால் முன்னும் பின்னும் முறுக்கிக்கொண்டு பல்சக்கரம் திணறும் என்பதால், அங்கே இயங்குவது ஆபத்தும்கூட. ஆனாலும் அஞ்சாமல் இயங்கினார். ஸ்கேனரை மாட்டிய இளைஞர் பழைய பிழைக்குறியை அழித்து, “ஃபால்ட் ஒண்ணும் இல்ல சார்” என்றார். ஃபால்ட் இல்லாததற்கான கட்டணம் தனியே, வரி தனியே.

புறநானூற்றின் 95ஆம் பாட்டில், தொண்டைமானின் படைக்கலங்கள் மயிற்பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசிக் காவல்மனையில் இருப்பதையும், அதியமானின் வேல்கள் முனை முறிந்து கொல்லன் கொட்டிலில் கிடப்பதையும் ஔவையார் எடுத்துச் சொல்கிறார். தொண்டைமானுக்கு ஈராயிரம் ஆண்டு கழித்து ஒரு நல்ல வாரிசு வந்திருக்கிறது என்பதைப் பாட்டிக்குத் தெரிவிக்கத்தான் வழியில்லை.

நண்பர் இப்போது வண்டியை விற்க விளம்பரம் கொடுத்திருக்கிறார். ‘ஃபோர் பை ஃபோர். ஒரு முறைகூட மண்ணில் ஓடியதில்லை.’ அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. நல்ல விலைக்குக் கேட்கிறார்களாம்.