பாவ்லோவ் நாயும் எங்கள் தெருப் பூனையும்

உளவியல் முதலாண்டுப் பாடப்புத்தகம் ஒரு மிருகக்காட்சி சாலை. பாவ்லோவுக்கு நாய், ஸ்கின்னருக்கு எலியும் புறாவும், தார்ன்டைக்குக்குக் கூண்டுக்குள் பூனை. மனசைப் படிக்கலாம் என்று ஆசையாகச் சேர்ந்த பிள்ளையின் கண்ணில் மனுசன் படவே பாதி வருஷம் ஆகிவிடுகிறது. இந்தக் குறையை என் அக்கா மகள் வீட்டிலேயே தீர்த்துக்கொண்டாள். எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் நாங்கள் எதைச் செய்தாலும் அவளிடம் அதற்கொரு பெயர் இருக்கிறது. என் மத்தியானத் தூக்கத்துக்குக்கூட.

பாவ்லோவ் 1904-ல் நோபல் வாங்கியது செரிமான ஆராய்ச்சிக்கு. நாய்க்கு எச்சில் ஊறிய கதைதான் அவரை ஊர் ஊராகக் கொண்டுபோனது. அதே வேலையை எங்கள் தெருவில் என் அம்மா பைசா மானியம் வாங்காமல் செய்துவந்தார். மடவையோ கெழங்கானோ வந்தால் அரிவாள்மனையை வாசல் கல்லில் சரக் சரக்கென்று தீட்டுவார். கூடையைத் திறக்கும் முன்பே, வெறும் சத்தத்துக்கே ஒரு காது அறுந்த பூனை வந்து மீசையை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் எண்ணெயும் வந்து இறங்கியது. வலை, படகு, கரை எல்லாம் கருப்பு. தொழிலுக்குப் போக வழியில்லை. அரிவாள்மனையில் கத்தரிக்காய் ஏறியது. சத்தம் என்னவோ அதே சத்தம்தான். பூனை வந்தது, கத்தரிக்காயை முகர்ந்தது, அம்மாவை ஒரு பார்வை பார்த்தது. கடன் கொடுத்தவன் பார்வை அது. கொஞ்ச நாளில் வருவதையே விட்டுவிட்டது.

“இதுக்குப் பேரு எக்ஸ்டிங்ஷன், மாமா” என்றாள் மருமகள், நோட்டும் கையுமாக.

“பட்டினின்னு எழுதுடி” என்றார் அம்மா.

மீன் திரும்பி வந்த பிறகு வேறொரு பாடம் தொடங்கியது. ஜான் கார்சியா 1955-ல் எலிகளுக்கு சாக்கரின் தண்ணீரைக் கொடுத்துக் கதிர்வீச்சால் நோகடித்தார். அதற்கப்புறம் எலிகள் அந்தத் தித்திப்புப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. பாவம், அவை குடித்துப் பார்த்தாவது ஒதுங்கின. எங்கள் வாடிக்கைக்காரர்கள் டிவி பார்த்தே ஒதுங்கியவர்கள். “எந்தூரு மீனு?” என்று கேட்டால், கூடைக்காரப் பெண்களின் வாய் தானாகக் காசிமேட்டுக்குக் குடிபோய்விடும்.

ஸ்கின்னருக்கு அதிகம் சொல்ல வேண்டாம். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காகத்தான் புறா விடாமல் கொத்துமாம். எங்கள் பெரியப்பா இன்னமும் ஆற்றில் இறால் தேடுகிறார்.

மூக்கு விஷயம்தான் பெரிசு. ஒரே வாடை விடாமல் வந்தால் மூக்கு கொஞ்ச நேரத்தில் புகார் கொடுப்பதைக் குறைத்துக்கொள்கிறது. புலன் தகவமைவு என்கிறது புத்தகம். எங்கள் வீட்டுக்கு வரும் சம்பந்தி கர்சீப்பால் மூக்கைப் பொத்துவார். “சளியா மாமா?” என்று அக்கறையாகக் கேட்டு ஆவி பிடிக்க வெந்நீர் வைப்போம். இதைப் பார்க்கும் படித்தவர்கள் சிலர், “அவங்களுக்குப் பழகிடுச்சு சார்” என்று தீர்ப்பே எழுதிவிடுகிறார்கள். பழகியது மூக்கு. நுரையீரலை யாரும் கேட்கவில்லை. அந்த மூக்கும் எல்லாவற்றுக்கும் பழகிவிடாது. அதே டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்தில் கடலுக்குள் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது ஜனம் கதவைத் திறந்துபோட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடியது. அம்மோனியா வாடையோடு நிற்பதில்லை, எரிச்சலை உணரும் நரம்பையே குத்தும் என்று மருமகள் பிற்பாடு விளக்கினாள். இருமி முடித்தவர்கள் தலையாட்டினார்கள்.

போன மாதம் ரெகார்ட் நோட்டுக்காக அவளுக்கு ஒரு நிஜ மனுசர் தேவைப்பட்டார். பாட்டியைப் பிடித்தாள். இருபது சொல் சொல்லி, எத்தனை ஞாபகம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் ஒரு தாளை நீட்டினாள்.

“இன்னாடி இது?”

“சம்மதக் கடிதம், ஆயா. என்ன சோதனைன்னு உனக்குப் புரியவெச்சு கையெழுத்து வாங்கணும். இல்லாம செஞ்சா தப்பு. பாதியில வேணாம்னு தோணினா நீ எழுந்து போயிடலாம்.”

1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி புகை விடத் தொடங்கியபோது அம்மா பாவாடை கட்டிய சிறுமி. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புரையேறும் வரை சிரித்தார்.

“இத்தினி நாளு எங்கடி வெச்சிருந்தீங்க இந்தக் கடுதாசிய?”