மூன்றரை மணிக்கு ஒரு மஞ்சப்பை

இங்கிலாந்தில் டெஸ்ட் மேட்ச் நடந்தால் நமக்கு மதியம் மூன்றரைக்கு ஆட்டம் தொடங்கும். எங்கள் சின்னாளப்பட்டியில் வீட்டு ஆண்களைக் கடைக்கு விரட்டும் நேரமும் அதுதான். சாப்பிட்டு, சற்றே கண்ணயர்ந்து எழுந்தால்தான் டீக்குப் பால் இல்லை, ராத்திரிக்குத் தக்காளி இல்லை என்பதெல்லாம் தெரியவரும். நாற்காலி கிரீச்சிடுவதற்கும் அடுப்படியிலிருந்து "ஏங்க..." என்று குரல் வருவதற்கும் நடுவே ஒரு பந்துகூடப் போட முடியாது.

2025 ஜூலை முதல் வாரத்தில் எல்லாம் ஒன்றாகக் கூடி வந்தது. பர்மிங்காமில் இந்தியா-இங்கிலாந்து இரண்டாவது டெஸ்ட். எங்கள் மாவட்டத்திலேயே, நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் டி.என்.பி.எல். கிரிக்கெட்டின் பிளே ஆஃப். அதில் முந்தைய ஆண்டு கோப்பையை வென்ற நம்ம திண்டுக்கல் டிராகன்ஸ். வெள்ளிக்கிழமை '3 பி.எச்.கே.', 'பறந்து போ' என்று இரண்டு புதுப்படங்கள். போதாக்குறைக்கு ஆனி மாதம். ஆடி பிறப்பதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டுமென்று சொந்தக்காரர்கள் எல்லாரும் ஓட்டமாய் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காக ஓடியது நான்.

சின்னாளப்பட்டியில் குடியிருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சுங்குடிச் சேலை என்றால் இந்த ஊர் என்று உலகத்துக்கே தெரியும். அதனால் இங்கே வசிக்கிற எல்லாரும் தறி போட்டிருக்கிறோம், சேலை எங்களுக்கு அசல் விலைக்குக் கிடைக்கும் என்று உறவினர்கள் நம்புகிறார்கள். எனக்குத் தறியின் சத்தம் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. சொன்னால் யார் நம்புகிறார்கள்? "அத்தனை வருஷமா அந்த ஊர்ல இருக்கே, ஒரு சேலை பார்த்து வாங்கத் தெரியாதா?" என்று கோயம்புத்தூர் அத்தை போனை வைத்துவிட்டார்.

புதன்கிழமை பூட்டு வேலை. பூட்டுக்குப் பெயர்போன திண்டுக்கல்லுக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு, எங்கள் வீட்டுப் பீரோ சாவியைக் காணோம் என்று ஒரு மாதமாகத் திறக்காமல் வைத்திருந்தோம். நாகல் நகரில் ஒரு பெரியவரைப் பிடித்தேன். அரத்தால் சாவியை ஒரு இழுப்பு இழுப்பார், சுவரில் மாட்டிய டிவியை ஒரு பார்வை பார்ப்பார். டிவியில் எலிமினேட்டர், நம்ம டிராகன்ஸ் அஸ்வின் திருச்சியை வெளுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பவுண்டரிக்கும் சாவி தாமதமானது. நான் அவசரப்படுத்தவில்லை. அஸ்வின் 83 ரன் அடித்து முடித்தபோது சாவியும் முடிந்தது. "பத்து நிமிஷ வேலைக்கு ரெண்டு மணி நேரமா?" என்று வீட்டில் கேட்டபோது, கைவேலை என்றால் அப்படித்தான் என்றேன்.

வியாழக்கிழமை சேலை. கடைக்காரர் பாயில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உதறி விரித்தார். கஞ்சி போட்ட புதுச் சுங்குடி விரியும்போது சடசடவென்று ஒரு சத்தம் வரும். மடிப்பு தானாக நிற்கும். என் போனில் அத்தை வீடியோ காலில். கடைக்காரர் போன் கல்லாப்பெட்டியில் சாய்ந்திருக்க, அதில் சுப்மன் கில். அரக்கு வேண்டாம் என்றார் அத்தை. கில் ஒரு நான்கு. கிளிப்பச்சை போன வருஷமே எடுத்தாச்சு; இன்னொரு நான்கு. வாடாமல்லியில் புள்ளி பெரிசு, மாம்பழ மஞ்சளில் பார்டர் சிறிசு. கில் இருநூறைத் தாண்டியும் அத்தை ஒரு முடிவுக்கு வரவில்லை.

"சாயம் போகுமாப்பா?" என்று அத்தை கேட்டார்.

"இந்தச் சாயம் போகாதும்மா. கில்லும் இப்போதைக்குப் போக மாட்டாரு" என்றார் கடைக்காரர்.

கில் 269-இல்தான் போனார். டெஸ்டில் இந்திய கேப்டன் ஒருவர் எடுத்த அதிகபட்சம். அதைக் கடைசிவரை பார்க்க வைத்த புண்ணியம் அத்தையைச் சேரும். கடைசியில் அவர் எடுத்தது முதலில் வேண்டாம் என்ற அரக்கு.

வெள்ளிக்கிழமை முட்டை வாங்க அனுப்பினார்கள். இங்கிலாந்தின் முதல் இன்னிங்ஸில் ஆறு பேர் முட்டை; சிராஜுக்கு ஆறு விக்கெட். "நாமக்கல் லாரி வரலேன்னாலும் பர்மிங்காம்ல இருந்து இறக்கிடலாம்ண்ணே" என்றார் மளிகைக்கடைத் தம்பி. அன்று ராத்திரியே டிராகன்ஸ் சேப்பாக்கைத் தோற்கடித்து பைனலுக்குப் போனது. அதைப் பார்த்தது டீக்கடையில், கொசுவர்த்தி வாங்கப் போன வகையில்.

சனிக்கிழமை மாலைக்காட்சி. பையனுக்கு, அப்பாவும் மகனும் ஊர் சுற்றும் 'பறந்து போ'. மனைவிக்கு, ஒரு குடும்பம் பைசா பைசாவாகச் சேர்த்து வீடு வாங்கப் படாத பாடுபடும் '3 பி.எச்.கே.' எந்தப் படத்துக்குப் போயிருப்போம் என்று சொல்லத் தேவையில்லை. இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நின்ற ஆண்கள் அத்தனை பேர் முகத்திலும் போன் வெளிச்சம். கில் இரண்டாவது சதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். படம் முடிந்து வரும்போது பஸ்ஸில் மனைவி மனைக்கட்டு விலை விசாரிக்கத் தொடங்கியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முடிவெட்டக் கடைக்குப் போனால் பர்மிங்காமில் மழை. ஷேவிங் மட்டும் என்று வந்தவர்கள் ஆட்டம் தொடங்கும்வரை முடிவெட்டிக்கொண்டார்கள். முடி இல்லாதவர்கள் தலைக்கு மசாஜ். அன்று ராத்திரிதான் அதிசயம்: எனக்கு ஒரு வேலையும் இல்லை. சொந்த வீடு, சொந்த டிவி, கையில் ரிமோட். ஒரு சேனலில் டெஸ்ட், இன்னொன்றில் நத்தம் பைனல். டெஸ்டுக்குப் போனால் நத்தத்தில் சிக்ஸர். நத்தத்துக்கு வந்தால் அங்கே விக்கெட். நடுவில் பையனுக்கு கார்ட்டூன், மனைவிக்கு சீரியலின் வாரத் தொகுப்பு. பர்மிங்காமின் எட்ஜ்பாஸ்டன் மைதானத்தில் இந்தியா முதல் முறையாக, அதுவும் 336 ரன்னில் வென்றதை விளம்பர இடைவேளையில் தெரிந்துகொண்டேன். திருப்பூர் தமிழன்ஸ் அடித்த 220-க்குப் பதிலாக டிராகன்ஸ் 102-இல் சுருண்டதை மட்டும் யாரும் குறுக்கிடாமல் முழுசாகப் பார்த்தேன். வீட்டு டிவிக்கு அதுதான் ராசி.

ஆகவே கிரிக்கெட் பார்க்கும் கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. மூன்றரைக்கு டிவி முன்னால் போய் உட்காராதீர்கள். மூன்றே காலுக்கே மஞ்சப்பையை உதறி எடுத்து, "கடைக்குப் போறேன், ஏதாச்சும் வாங்கணுமா?" என்று நீங்களே கேளுங்கள். நல்ல பெயரும் கிடைக்கும், நாலு பேரோடு ஆட்டமும் கிடைக்கும். சுங்குடி எடுக்க மட்டும் ஒத்துக்கொள்ளும் முன் யோசியுங்கள். டெஸ்ட் மேட்ச் ஐந்து நாளில் முடிந்துவிடும். அரக்கை மாற்றிக் கிளிப்பச்சையே வாங்கி அனுப்பச் சொல்லி அத்தை இன்னும் போன் செய்கிறார்.