கோடையும் கருமுட்டையும்

கேள்வி: சித்திரை, வைகாசியில் என் சீமைப் பசுவுக்குப் போட்ட சினை ஊசி ஒன்றுகூட நிற்கவில்லை. ஊசி போடுகிறவரை மாற்றிவிடலாமா?

பதில்: தாராளமாக மாற்றலாம், அடுத்தவரும் அதே வெயிலில்தான் வருவார். பசுவின் சரீர உஷ்ணம் சற்றே ஏறினாலும் தீனியில் நாட்டம் குன்றி, ஹார்மோன்களின் கிரமம் பிறழ்ந்து, சினைப்பையின் நுண்பைகளுக்குள் வளரும் கருமுட்டை பலவீனப்பட்டுவிடுகிறபடியால், அந்த மனிதருடைய கைராசியைப் பழிப்பது நியாயமன்று.

கேள்வி: மழை இறங்கிக் கொட்டகை குளிர்ந்த பிறகும் பிடிக்கவில்லையே?

பதில்: இஸ்ரேல் தேசத்துப் பண்ணையாளர்களுக்கும் இதே விசாரம் உண்டு. இலையுதிர் காலத்தில் வெளிப்படும் முட்டை, தன் வளர்ச்சியின் பெரும்பகுதியைக் கோடையிலேயே கழித்திருக்கிறது. அந்தத் தகிப்பின் வடு நீங்க இரண்டு மூன்று சினைச் சுற்றுகள், அதாவது ஏறக்குறைய 40 முதல் 60 நாட்கள், ஆகின்றன. பழுதான நுண்பைகளை ஊசியால் உறிஞ்சி அப்புறப்படுத்தினால் நல்ல முட்டைகள் விரைவில் தலைகாட்டுகின்றன என்று அந்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2001-இல் எடுத்துக்காட்டினார்கள்.

கேள்வி: முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கும் ஆய்வுக்கூடத்தில் வெயிலே கிடையாது. அங்கே பருவம் எப்படி நுழைகிறது?

பதில்: முட்டைக்குள் ஒளிந்துகொண்டு! அறுப்புக்கூடத்துச் சினைப்பைகளை வெதுவெதுப்பான உப்புநீரில் கொண்டுவந்து, 2 முதல் 8 மில்லிமீட்டர் அளவுள்ள நுண்பைகளில் ஊசியைச் செருகி முட்டைகளை எடுத்து, 38.5 டிகிரி உஷ்ணத்தில், 5 சதவீதக் கரியமில வாயு கலந்த காற்றில், சுமார் 24 மணி நேரம் வைக்கிறார்கள். சுற்றியுள்ள உயிரணுக்கள் இலவம்பஞ்சு வெடித்தாற்போல் விரிந்துவிட்டால் ஆராய்ச்சியாளர் முகமும் மலர்கிறது. ஆனால் கோடையில் எடுத்த முட்டை இந்த வெளித்தோற்றமெல்லாம் குறைவறக் காட்டிவிட்டு, விந்தோடு கூடியபின் ஓரிரு முறை பிளந்து, கருவாகத் திரளுமுன்பே பாதி வழியில் படுத்துவிடுவதுண்டு. மாதக்கணக்கில் வளர்ந்ததன் கோளாறை ஒரு நாள் பராமரிப்பில் திருத்திவிட முடியுமா? பரீட்சைக்கு முந்தின இரவு கண்விழித்த நம்மில் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: எருமைக்கும் இந்தச் சங்கடம் உண்டா?

பதில்: சற்றுக் கூடுதலாகவே உண்டு. பகல் குறுகும் காலத்தில் இனவிருத்தி நாட்டம் மிகுகிற ஜாதி அது. கோடையிலோ சினைக்கு வந்தும் கத்தாமல், சொல்லாமல் இருந்துவிடும். சினைப்பையில் முட்டைச் சேமிப்பும் பசுவைவிடக் குறைவு. அப்படிப்பட்ட பிராணியிலிருந்து, 1990-இல் கர்நால் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தார் சோதனைக்குழாய் முறையில் ‘பிரதம்’ என்னும் கன்றைப் பெற்றார்கள். உலகில் அம்முறையில் பிறந்த முதல் எருமைக்கன்று அதுவே.

கேள்வி: அப்படியானால் எருமைக்கு ஏ.சி. வைத்துவிடலாமா?

பதில்: மின்கட்டண ரசீது வந்ததும் உங்களுக்குத்தான் உஷ்ணம் ஏறும். கறுத்த தோலும் குறைந்த வியர்வைச் சுரப்பிகளும் கொண்ட அந்த ஜீவன் கேட்பதெல்லாம் ஒரு வேப்பமர நிழலும் ஒரு குட்டையும்தான். குட்டையில் தண்ணீர் இருக்கிறதா என்பதைப் பஞ்சாயத்தாரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.