திரும்பாத கண்

செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜா, உன் கண்ணைப் பாட வந்திருக்கிறேன். உன் வாளைப் பாடிவிட்டார்கள். குதிரையைப் பாடிவிட்டார்கள். இருபத்திரண்டு வயதில் நீ விழுந்ததை முந்நூறு வருஷமாகத் தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் பாடி, 1960இல் எம்.ஜி.ஆரை வைத்துப் படமும் எடுத்துவிட்டார்கள். கண்ணை மட்டும் யாரும் தனியாக எடுத்துப் பாடவில்லை. செஞ்சி எத்தனையோ ராஜாக்களைப் பார்த்த ஊர். ஒன்றைப் பார்த்தால் பார்த்த இடத்திலேயே நின்ற கண் உன்னுடையதுதான். இதை மனதாரச் சொல்கிறேன்.

அந்தக் கண் எந்த ஊரில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிக் குன்றுக்குப் படியேறி, உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை பிளந்து கிடக்கும் பள்ளத்தின் மேல் போட்ட பாலத்தைத் தாண்டி, மேலே போய் நின்று பார்த்தால் மூச்சு வாங்குவது மறந்துபோகும். வடக்கே கிருஷ்ணகிரி. இந்தப் பக்கம் சந்திரகிரி. மூன்று குன்றையும் கோத்துக்கொண்டு சுமார் 13 கிலோமீட்டர் ஓடுகிற மதில். ஒரு குன்றின் முதுகை இன்னொரு குன்று பார்த்துக்கொள்ளும். எதிரி எந்தப் பக்கம் வந்தாலும் ஏதோ ஒரு குன்றின் கண்ணில் பட்டே தீர வேண்டும். கட்டினவர்கள் ஒரு திசையை நம்பிக் கட்டவில்லை. அதனால்தான் ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கான் 1690இல் வந்து முற்றுகை போட்டும் 1698இல்தான் கோட்டையைப் பிடிக்க முடிந்தது. எட்டுத் திக்கும் பார்க்கிற கோட்டை உன் கையில் இருந்தது, ராஜா. நீ அதை விட்டு வெளியே வந்து ஒரு திக்கைப் பார்த்தாய்.

1714. உன் தந்தை சொரூப்சிங் செத்துப்போனார். அவர் வைத்துவிட்டுப் போன கப்பப் பாக்கி உன் தலையில் விழுந்தது. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையோடு வந்தார். பேரம் பேசலாம், தவணை கேட்கலாம், கதவை மூடிக்கொண்டு மழைக்காலத்தைக் கடத்தலாம். இத்தனை வழி பக்கவாட்டில் இருந்தது. உன் கண் எதன்மேலும் வழுக்கவில்லை. நவாப் ஒருவரே தெரிந்தார்.

சிங்கவரத்து ரங்கநாதரைப் பற்றிச் சொல்லாமல் உன்னைப் புகழ முடியாது. பல்லவர் காலக் குடைவரையில் பாறையோடு பாறையாகப் பள்ளிகொண்ட பெருமாள். போருக்குப் போக உத்தரவு கேட்டு அவர் முன்னால் நின்றாயாம். இன்றைக்கு வேண்டாம் என்றாராம். நீ கேட்கவில்லை. அந்த வருத்தத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஊர் சொல்கிறது. இன்றைக்குப் போனாலும் அந்தத் திரும்பின முகத்தைக் காட்டிச் சொல்வார்கள். கல் கழுத்தைத் திருப்பியது. உன் கழுத்து திரும்பவில்லை.

அப்புறம் ஆறு. சங்கராபரணி என்கிற வராக நதி அன்றைக்குக் கரைபுரண்டு ஓடியது என்பது கதை. நீ குதிரையோடு இறங்கினாய். சில நூறு பேரே உன் பக்கம். எதிரே நவாபுக்கு ஆயிரக்கணக்கில் ஆள். இருக்கிற சில நூறு பேரிலும் எத்தனை பேர் உன்னோடு கரையேறினார்கள் என்று எண்ண, ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும். நீ எண்ணவில்லை. உனக்கு நவாபின் யானை தெரிந்தது. அதன் மேல் அம்பாரி தெரிந்தது. குதிரை ஏறத் தெரிந்த யாருக்கும் இது தெரியும்: சவாரிக்காரன் எதைப் பார்க்கிறானோ அதை நோக்கியே குதிரை இழுக்கும். இன்றைக்கு மோட்டார் சைக்கிள் கற்றுத்தருகிறவர்களும் இதையே சொல்கிறார்கள்: ரோட்டுப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் பள்ளத்தில்தான் போய் விழுவாய், போகவேண்டிய வழியைப் பார். இரண்டாம் உலகப் போரில் குண்டு போடப் பாய்ந்த விமானிகளில் சிலர், குறியையே பார்த்துப் பார்த்துக் கடைசியில் விமானத்தோடு அதன் மேலேயே போய் மோதியிருக்கிறார்கள். உன் குதிரையும் நீ பார்த்த இடத்துக்கே உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

உன் கண் செய்தது பெரிய காரியம், ஏனென்றால் கண் அப்படிப் படைக்கப்படவில்லை. ஆளுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 200 பாகை தெரியும். அதில் கூர்மையாகத் தெரிவது, கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் அந்த நகம் மறைக்கிற அளவுதான். மிச்சமெல்லாம் ஓரக்கண்ணின் வேலை. ஓரக்கண்ணுக்கு முகம் அடையாளம் தெரியாது. ஆனால் அசைவு தெரியும், மங்கலில் எது நகர்கிறது என்பது தெரியும். பயமோ ஆத்திரமோ வந்து அட்ரினலின் ஏறினால் உடம்பு அந்த ஓரத்தை உதறிவிடுகிறது. மூங்கில் குழாய் வழியாகப் பார்க்கிறாற்போல் நடுவில் ஒன்று மட்டும் பெரிதாகத் தெரியும். காதும் அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் நின்று கத்துகிறவன் குரல் எட்டாது. சாதாரண ஆளுக்கு இது சில நிமிஷம் இருக்கும். நீ செஞ்சியிலிருந்து போர் நடந்த தேவனூர் வெளி வரைக்கும் அந்தக் குழாயைக் கண்ணிலிருந்து எடுக்கவேயில்லை.

சிலம்பம் பழகப் போகிற பிள்ளைகளைப் பார். முதலில் எல்லாக் கண்ணும் எதிராளியின் கம்பு நுனியில்தான் இருக்கும். கம்பில் வேகமாகப் போவது நுனி. அதைத் துரத்துகிற கண் எப்போதும் பிந்தித்தான் போகும். ஆசான் அதட்டுவார்: நுனியைப் பார்க்காதே, மார்பைப் பார். மார்பில் கண்ணை வைத்தால் இரண்டு தோளும் தெரியும், இரண்டு காலும் தெரியும். கம்பு கிளம்புவதற்கு முன்னால் தோள் கிளம்பும், காலடி மாறும். பலபேர் சூழ்ந்து நிற்கும்போது வீசுகிற வீச்சைத் தனியாகச் சொல்லித்தருவதும் இதனால்தான். ஒருவனை அடிக்கிற நேரத்தில் அடுத்தவன் எங்கே நிற்கிறான் என்பது கழுத்துக்குத் தெரிய வேண்டும். மலையாளக் களரியில் உடம்பே கண்ணாக வேண்டும் என்பார்கள்.

இதை நான் இன்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கத்தியைக் காட்டி மிரட்டப்பட்டவர்களுக்குக் கத்தி நினைவிருக்கும், பிடித்திருந்தவன் முகம் பெரும்பாலும் சரியாக நினைவிருக்காது. எலிசபெத் லோஃப்டஸ் என்கிற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் 1987இல் ஆயுதம் கண்ணை இழுப்பதைச் சோதித்தே காட்டினார்கள். நினைவு போனால் போகட்டும். அந்த நேரத்திலேயே கத்தி இல்லாத மற்ற கை என்ன செய்கிறது, பின்னால் இன்னொருவன் வருகிறானா, ஓடுவதற்குக் கதவு எந்தப் பக்கம் என்பதும் கண்ணிலிருந்து போய்விடுகிறதே. எந்த ஊர்ச் சந்தையிலும், ஆடு விற்ற பணத்தை மடியில் முடிந்துகொண்டு நிற்கிற மனுஷனோடு ஒருவன் வேண்டுமென்றே வம்புக்கு வந்தால், வம்புக்காரனின் கூட்டாளி அவனுக்குப் பக்கத்தில் நிற்கமாட்டான், பணம் வைத்திருப்பவனின் முதுகுப் பக்கம் நிற்பான். தற்காப்பு கற்கிற பெண்பிள்ளைகளுக்கு முதல் குத்தைச் சொல்லித்தருவதற்கு முன்னால் கழுத்தைத் திருப்பச் சொல்லித்தர வேண்டும்: மூச்சை நீளமாக விடு, ஒரு எட்டு பக்கவாட்டில் வை, இடது வலது பார், தள்ளிவிட்டு ஓடு, ஓடும்போதும் பார். இதையெல்லாம் கோழைத்தனம் என்று நினைத்து வளர்கிறார்கள் நம் பிள்ளைகள். உன்னைப் பாடிப் பாடி நாங்கள்தான் அப்படி வளர்த்தோம், ராஜா.

உன்னோடு உன் நண்பன் மோவுத்துகான் இருந்தான். கல்யாணப் பந்தலில் இருந்தவன், நீ போருக்குப் போகிறாய் என்று கேட்டதும் மாலையைக் கழற்றிவிட்டு வந்தான் என்கிறது கதைப்பாட்டு. அவனுக்குப் பக்கவாட்டில் பார்க்கத் தெரிந்திருக்கிறது. தன் கல்யாண நாளில், தன் வேலையைத் தாண்டி, நண்பன் தனியாகப் போவது அவன் கண்ணில் பட்டது. உன் பக்கத்தில் சண்டையிட்டு உனக்கு முன்னால் விழுந்தான். உன் ராணி சிதையேறினாள். அவள் நினைவாகவே ராணிப்பேட்டை என்று நவாப் ஓர் ஊருக்குப் பெயர் வைத்தார் என்பார்கள். உன் கண்ணில் படாத பெண் உன் எதிரியின் கண்ணில் பட்டிருக்கிறாள்.

நீ துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்ததாக வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். பாட்டுக்காரர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நண்பனும் போய்க் குதிரையும் போன பிறகு, வெளியின் நடுவில் நின்று வாளை வானத்தில் எறிந்து, அது திரும்பி வரும் வழியில் மார்பைக் காட்டி நின்றாய் என்று பாடுகிறார்கள். அந்த இடம் வரும்போதெல்லாம் நான் உன் கழுத்தையே நினைக்கிறேன். சுற்றிலும் வெளி. மேலே கீழிறங்கி வருகிற ஒரு முனை. நீ அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாய்.